ஒருத்தரும் மங்கக் கூடாது

கொளஞ்சியப்பன் தன் ஸ்டுடியோவில் ஏசி போட்டிருந்தான். இருபத்தைந்து வருஷம் வெயிலில் கரும்பு வெட்டிய சாலம்மாளின் உடம்புக்கு அந்தக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள். குளிருக்காக மட்டும் இல்லை. எதிரே உட்கார்ந்திருந்த சம்மந்தியம்மா லட்சுமியம்மாளின் கண்ணில் அந்தக் கைகள் படவேண்டாம் என்றுதான்.

கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. சாலம்மாளின் மகள் அம்சவள்ளிக்கும் லட்சுமியம்மாளின் மகன் தெய்வசிகாமணிக்கும் தை மாசத்து வெள்ளிக்கிழமையில் முகூர்த்தம் வைத்தாயிற்று. மண்டபம், மேளம், சமையல் எல்லாம் முடிவாகிவிட்டது. எந்த ஸ்டைலில் போட்டோ எடுப்பது என்பதுதான் பாக்கி. கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் மாடியேறி வந்து ஒரு மணி நேரமாக அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கொளஞ்சியப்பன் மூன்று ஆல்பங்களை மேசையில் பரப்பினான்.

"இது ட்ரெடிஷனல்ங்க. மேடையில வரிசையா நிப்பாங்க, எல்லாரும் கேமராவப் பாப்பாங்க. இப்ப யாரும் ஜாஸ்தி கேக்கறதில்ல. இது சினிமாட்டிக்கு. இது கேன்டிட்டு. இதுல யாரும் கேமராவப் பாக்கமாட்டாங்க. நாம எடுக்கறதே அவங்களுக்குத் தெரியாது."

"தெரியாம எடுத்தா சண்டைக்கு வரமாட்டாங்களா தம்பி?" என்று சாலம்மாள் உண்மையாகவே கேட்டாள்.

அம்சவள்ளி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "தெரியாத மாதிரி நிக்கறதும்மா. தெரிஞ்சிதான் நிப்பாங்க."

"கேன்டிட்டுதான்" என்று லட்சுமியம்மாள் பேச்சை முடித்துவைத்தாள். எலவனாசூர்கோட்டையில் இருக்கும் அவள் தங்கை அமிர்தம், போன ஆவணியில் மகன் கல்யாணத்தைக் கேன்டிட்டில் எடுத்திருந்தாள். அந்த ஆல்பத்தை வீட்டுக்கு வந்தவர் போனவர் எல்லாருக்கும் காட்டி, தண்ணீர் கேட்டு வந்தவரையும் உட்காரவைத்துக் காட்டி, லட்சுமியம்மாளின் தூக்கத்தைக் கெடுத்திருந்தாள். "அவுட்டோரு மலைமேல வேணும். கல்வராயன்மல அருவிங்கிட்ட. கவுனு, கோட்டு எல்லாம் வாடகைக்கு நீங்களே குடுத்துடுங்க."

சாலம்மாள் முந்தானைக்குள்ளிருந்து ஒரு கையை மட்டும் எடுத்து ஆல்பத்தைப் புரட்டினாள். பக்கத்துக்குப் பக்கம் பெண்ணும் மாப்பிள்ளையும் பளிச்சென்று இருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் இருந்தவர்கள், கண்ணில் தூசி விழுந்தபோது தெரிகிற மாதிரி கலங்கிக் கிடந்தார்கள்.

"பின்னாடி நிக்கறவங்க ஏன் தம்பி இப்பிடி கீறாங்க? கேமரா ரிப்பேரா?"

"அதான்க்கா ஸ்டைலே. பொண்ணு மாப்ள மட்டும் ஷார்ப்பா இருக்கணும். மத்தவங்கள மங்கலா வுட்டுடுவோம்."

"இவங்க ரெண்டு பேரும் ஆரு?"

கொளஞ்சியப்பன் குனிந்து பார்த்தான். "பொண்ணோட அம்மா அப்பாவா இருக்கும்க்கா."

சாலம்மாள் அந்தப் பக்கத்தை மேலும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஆல்பத்தை மூடினாள்.

அதற்குள் அவன் அம்சவள்ளியை நிற்கவைத்து ஒரு படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டான். திரை முழுக்க மகளின் முகம். இடது புருவத்திலிருந்து பொட்டுவரைக்கும் ஓடிய வடு, நேரில் தெரிவதைவிடப் பெரிதாகத் தெரிந்தது. கைகளில் கரும்பின் காய்ந்த இலையான சோகை அறுத்த கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன.

"அய்யய்யே, இதெல்லாம் வருமா?" என்றாள் லட்சுமியம்மாள்.

"ஒரு நிமிஷங்க." மௌஸை இரண்டு தடவை இழுத்தான். புருவத்து வடு போய்விட்டது. கைக்கோடுகளும் போயின. முகமும் இரண்டு மடங்கு வெளுத்தது.

வடு போன அந்த நொடியில் சாலம்மாளின் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கிற்று. அதுதான் உண்மை, அதை மறைத்துப் பிரயோசனம் இல்லை. அந்த வடு அவள் போட்டது. அம்சவள்ளி பிளஸ் டூ முடித்து முதல் வருஷம் வயலுக்கு வந்தபோது, தாய் வெட்டிப் போட மகள் சோகை உரித்துக் கட்டு கட்டினாள். ஒரு நாள் மத்தியானம் சாலம்மாள் பக்கத்தில் பார்க்காமல் வீசிப் போட்ட கரும்பின் கூரான அடிமுனை, குனிந்திருந்த மகளின் புருவத்தைக் கிழித்துவிட்டது. மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துத் துண்டால் கட்டிக்கொண்டு அம்சவள்ளி அன்றைக்கு மிச்சமிருந்த கரும்புச் சால் வரிசையையும் முடித்தாள். அதற்குப் பிறகு எட்டு வருஷம் ஒரே ஜோடியாக வேலை செய்தும் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது ஒரு பையன் மௌஸால் அதைத் துடைத்துவிட்டான்.

"அத வுடுங்கண்ணா, அப்பிடியே இருக்கட்டும்" என்றாள் அம்சவள்ளி.

"நல்லாக் கீதும்மா, வெள்ளையா" என்று அவசரமாகச் சொன்னாள் சாலம்மாள். மகள் திரும்பித் தாயை ஒரு பார்வை பார்த்தாள். சாலம்மாள் குனிந்துகொண்டாள்.

படியிறங்கும்போது லட்சுமியம்மாள் அவள் தோளைத் தொட்டு மெதுவாகச் சொன்னாள். "தப்பா எடுத்துக்காதீங்க சம்மந்தி. எங்க பக்கத்து ஆளுங்ககிட்ட நீங்க மில்லுல வேலைன்னு சொல்லி வெச்சிருக்கேன். கேட்டா ஆமான்னுடுங்க."

"ஆமாங்க" என்றாள் சாலம்மாள், இப்போதே யாரோ கேட்டுவிட்ட மாதிரி.

மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையின் கேட்டைத் தாண்டி அவள் ஒரு நாளும் உள்ளே போனதில்லை. அவள் வெட்டிய கரும்புதான் டிராக்டரில் ஏறி உள்ளே போகும். அந்த டிராக்டரை ஓட்டியவன்தான் தெய்வசிகாமணி. நாலு வருஷம் லோடு ஏற்ற வந்தவன், கட்டுக் கட்டிய பெண்ணைப் பார்த்து, வீட்டில் மூன்று மாசம் மல்லுக்கட்டிச் சம்மதம் வாங்கினான். அதனால் அவன் வீட்டுக்குத் தெரியாத சங்கதி எதுவும் இல்லை. ஊருக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதான்.

புதன்கிழமை அவுட்டோர் என்று நாள் குறித்தார்கள். அதே புதன்கிழமைக்கு ஆலையிலிருந்து வெட்டு உத்தரவும் வந்தது. கச்சிராயபாளையம் தாண்டி, மலைக்கு ஏறும் ரோட்டை ஒட்டின இரண்டு ஏக்கர். உத்தரவு வந்தால் வந்ததுதான். அன்றைக்கு வெட்டாவிட்டால் அடுத்த முறை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. நிலத்துக்காரரின் கரும்பு காய்ந்து எடை குறையும். சாலம்மாளின் புருஷன் இருசப்பன்தான் அந்தப் பதினாறு பேர் செட்டுக்கு மேஸ்திரி. பெண் கல்யாணம் என்று அவன் ஒருத்தன் லீவு போட்டால் செட்டே நின்றுபோகும்.

அதனால் புதன்கிழமை விடிந்தபோது செட்டு வயலில் இருந்தது. பனி விலகாத நேரத்தில் சோகை நனைந்து மெத்தென்று இருக்கும், அவ்வளவாக அறுக்காது. எட்டு மணி வெயில் ஏறியதும் அது ரம்பமாகிவிடும். புடவைக்கு மேல் புருஷனின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டு கட்டி, சாலம்மாள் அடிக்கட்டையோடு ஒட்ட வெட்டிக்கொண்டு போனாள். பின்னால் ஜோடி இல்லை. பத்து நாளாக அம்சவள்ளி வயலுக்கு வரவில்லை. வெயில் படக் கூடாது, கறுத்துவிடுவாள் என்று சம்மந்தி வீட்டு உத்தரவு.

பக்கத்துச் சாலில் கண்ணகி வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் வாய் கத்தியைவிட வேகமாக ஓடும்.

"யக்கா, பொண்ணு கத்தி குடுக்க எப்ப வரும்?"

சாலம்மாள் கேட்காதவள் போல வெட்டினாள்.

அந்தச் செட்டில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமாகிப் போகிற பெண், வெட்டு நடக்கிற வயலிலேயே தன் கத்தியைத் தன் ஜோடியின் கையில் கொடுக்க வேண்டும். வாங்கியவள் அந்தக் கத்தியால் ஒரு கரும்பை வெட்டிக் கீழே சாய்க்க வேண்டும். கொடுக்காமல் போனவள் செட்டைவிட்டுப் போனதாகவே சேராது. கண்ணகியின் தங்கை அப்படித்தான் கொடுத்தாள், செல்லியம்மாள் மகளும் அப்படித்தான் கொடுத்தாள். அம்சவள்ளியின் கத்தி இன்னும் வீட்டுக் கூரை எறவானத்தில் செருகிக் கிடந்தது.

"இன்னாக்கா, காது அடைச்சிக்கிச்சா?"

"வராதுடி. இன்னிக்கு அவுட்டோரு கீது."

"அவுட்டோருன்னா?"

"மலைமேல போட்டோ எடுக்கறாங்க."

"ஏன், இது இன்னா இண்டோரா?" என்று கண்ணகி வானத்தைக் காட்டினாள். செட்டு முழுக்கச் சிரித்தது. சாலம்மாளும் சிரித்துவிட்டாள். சிரித்து முடித்ததும் அழுகை வரப் பார்த்தது.

ஒன்பதரை மணிக்கு வரப்பில் உட்கார்ந்து பழைய சோற்றைப் பிழிந்து வைத்துக்கொண்டார்கள். கருவாட்டுத் தொக்கு, பச்சை மிளகாய், செல்லியம்மாள் கொண்டுவந்த கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. இருசப்பன் தன் பங்கு கருவாட்டை எடுத்து மனைவியின் சோற்றில் வைத்தான். பேசுகிற ஆள் இல்லை அவன்.

"மில்லுல வேலைன்னு சொன்னியாமே" என்றான்.

"ஆரு சொன்னது?"

"செகாமணி தம்பி வருத்தப்பட்டுச்சி."

"சொல்லலன்னா இன்னா பண்ணுவ? இந்தச் சம்மந்தம் வுட்டுப்போனா இன்னொண்ணு வருமா?"

இருசப்பன் இன்னொரு பிடி சோற்றை அள்ளி வாயில் போட்டான். "நானு அப்ப இன்னா? மில்லுல மேனேஜரா?" என்றான். அதில் கோபம்கூட இல்லை. அதுதான் சாலம்மாளைச் சுட்டது. சோற்றைப் பாதியில் மூடி வைத்தாள்.

கை கழுவிக்கொண்டிருந்தபோது ரோட்டில் ஒரு வெள்ளைக் கார் போய், கொஞ்ச தூரத்தில் நின்று, அப்படியே பின்னால் வந்தது. கதவு திறந்தது. முதலில் ஒரு கால், அப்புறம் பத்து முழத்துக்கு ரோஜா நிறக் கவுன், அதற்குள் அம்சவள்ளி. கவுனை இரண்டு கையாலும் தொடைவரை வாரிச் சுருட்டிக்கொண்டு, வெட்டிய கட்டைகள் காலில் குத்தாமல் மிதிக்கத் தெரிந்த நடையில், நேராக வயலுக்குள் வந்தாள். கக்கத்தில் எதையோ துண்டில் சுற்றி வைத்திருந்தாள்.

"யாருடி இது, மாதா கோயில்ல கல்யாணமா?" என்றாள் கண்ணகி.

அம்சவள்ளி தாயின் எதிரில் வந்து நின்று துண்டைப் பிரித்தாள். கத்தி.

"கத்தி குடுக்காம நா போவமாட்டேம்மா."

அதற்குள் லட்சுமியம்மாள் பட்டுப்புடவையோடு வரப்பில் தடுமாறி வந்துவிட்டாள். பின்னால் கோட்டும் டையுமாகத் தெய்வசிகாமணி, கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்ட கொளஞ்சியப்பன்.

"ஒண்ணுக்குப் போவணும்னுதான நிறுத்தச் சொன்ன? வண்டில ஏறு. கவுனு கிழிஞ்சிடப்போவுது."

"கத்தியக் குடுத்துட்டு வரேன் அத்த. அப்பறம் இங்க ஒரு போட்டோ எடுக்கணும். எங்க செட்டோட."

"இங்கியா?" லட்சுமியம்மாள் வயலைச் சுற்றிப் பார்த்தாள். சோகைத் தூசி படிந்த முகங்கள், கிழிந்த சட்டைகள், துண்டுக் கட்டுகள். "என் தங்கச்சி பாக்கப்போற ஆல்பத்துல இவங்களா?"

இருசப்பன் கத்தியைக் கல்லில் தீட்ட ஆரம்பித்தான்.

"எட்டு வருசம் இவங்களோடதான் அத்த இருந்தேன். இவங்க இல்லாத ஆல்பத்துல நா யாருன்னு எப்பிடித் தெரியும்?"

"நா சொல்லிட்டேன். இந்தக் கூட்டத்தோட ஒரு போட்டோ எடுத்தாலும் வெள்ளிக்கெழம நா மண்டபத்துக்கு வரமாட்டேன். என் அண்ணன் தம்பி ஒருத்தனும் வரமாட்டான். அப்பறம் யோசிச்சிக்குங்க." அவள் சாலம்மாளின் பக்கம் திரும்பினாள். "சம்மந்தி, நீங்களே பொண்ணுக்குச் சொல்லுங்க. உங்களுக்குத்தான் நல்லது கெட்டது தெரியும்."

எல்லாரும் சாலம்மாளைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை போதும். 'போம்மா, அத்த சொல்றதக் கேளு.' மகள் போய்விடுவாள், கல்யாணம் நடந்துவிடும். அவள் மகளின் முகத்தைப் பார்த்தாள். மேக்கப் போட்ட பெண் வடுவை அடைத்துப் பூசியிருந்தாள். இத்தனை வெயிலில் நடந்து வந்த வேர்வையில் பூச்சு கரைந்து, வடு பாதி வெளியே வந்திருந்தது.

ஸ்டுடியோவில் தனக்கு ஏன் பாரம் இறங்கியது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. வடு போனால் அந்த மத்தியானமே நடக்கவில்லை என்றாகிவிடும். ஆனால் அதற்கப்புறம் நடந்த எட்டு வருஷமும் அதோடு போய்விடும். துண்டைக் கட்டிக்கொண்டு சால் முடித்த பெண்ணும் போய்விடுவாள். பின்னால் நிற்கிற தாயை மங்கலாக்கினால் போகட்டும். மகளையே அழித்துவிட்டு எதைப் படம் பிடிப்பது?

"குடு" என்று கையை நீட்டினாள்.

அம்சவள்ளி கத்தியைக் கொடுத்தாள். சாலம்மாள் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பக்கத்தில் நின்ற கரும்பை ஒரே வெட்டில் சாய்த்தாள். அது எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துச் சாய்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"சம்மந்தி, நானு மில்லுல வேல செய்யறவ இல்ல. அன்னிக்கு நீங்க சொல்லச் சொன்னதுக்கு ஆமான்னது என் தப்பு. நா கரும்பு வெட்றவ. என் பொண்ணு கரும்பு வெட்னவ. உங்க மகன் அத இந்த மாதிரி வயல்லதான் பாத்தாரு, அருவியில பாக்கல. மண்டபத்துக்கு வர்றதும் வராததும் உங்க இஷ்டம். வந்தா கையெடுத்துக் கும்புட்டு மொத வரிசையில உக்காரவெப்பேன். வரலன்னா கல்யாணத்த நானு நடத்திக்குவேன்."

"டேய்" என்று லட்சுமியம்மாள் மகனைப் பார்த்தாள்.

தெய்வசிகாமணி இரண்டு பக்கமும் பார்த்தான். அப்படிப்பட்ட நேரங்களில் பேசத் தெரியாத பையன். டையை அவிழ்க்கத் தெரியாமல் தலைவழியாக உருவினான். கோட்டைக் கழற்றி வரப்பில் போட்டான்.

"அம்மா, நா வெள்ளிக்கெழம மண்டபத்துல இருப்பேன். நீயும் வாம்மா" என்று சொல்லிவிட்டு அம்சவள்ளியின் பக்கத்தில் போய் நின்றுகொண்டான்.

"கோட்டப் போட்டுக்கினு லோடு ஏத்த வந்துட்டியோன்னு பயந்துட்டேன் தம்பி" என்றாள் கண்ணகி. இறுக்கம் உடைந்து எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

லட்சுமியம்மாள் திரும்பி நடந்துபோய்க் காரில் உட்கார்ந்து கதவை அடித்துச் சாத்தினாள்.

கொளஞ்சியப்பன் தயங்கினான். "அக்கா, எந்த ஸ்டைலுல எடுக்க? கேன்டிட்டுன்னா நீங்க பாட்டுக்கு வெட்டுங்க, பொண்ணு மாப்ள முன்னாடி நடந்து வரட்டும். பின்னாடி நீங்க லேசா..."

"லேசா மங்கலாவா?" என்றாள் சாலம்மாள்.

அவன் லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தான்.

"மொதல் ஆல்பம் காட்டுனியே, ஆரும் கேக்கறதில்லன்னு. அந்த ஸ்டைலு. எல்லாரும் கேமராவப் பாப்போம். ஒருத்தரும் மங்கக் கூடாது."

"அப்பிடின்னா ஒரே லைன்ல நிக்கணும்க்கா. முன்ன பின்ன நின்னா ஒருத்தரு ஷார்ப்பா வரமாட்டாங்க."

"பொழுதுக்கும் ஒரே லைன்லதாண்டா நின்னு வெட்றோம்" என்றான் இருசப்பன். அன்றைக்கு அவன் பேசியதிலேயே அதுதான் சத்தமான பேச்சு.

யார் யார் எந்தச் சாலோ அந்தந்தச் சாலில் நின்றார்கள். கண்ணகி தலைத்துண்டை அவிழ்த்து மறுபடி அழகாகக் கட்டினாள். செல்லியம்மாள் முகத்தைத் துடைக்கப் போனவள், "எதுக்கு, இருக்கட்டும்" என்று விட்டுவிட்டாள். நடுவில் தெய்வசிகாமணி, அம்சவள்ளி, அவளை ஒட்டிச் சாலம்மாள். ஜோடி எப்போதும் நிற்கிற இடம் அது. பின்னால் வெட்டாத கரும்பு, அதற்கும் பின்னால் மலை.

"சிரிங்க" என்றான் கொளஞ்சியப்பன்.

"வந்தா சிரிக்கறோம், நீ எடு" என்றாள் கண்ணகி.

எடுத்தான். கேமராவில் பார்த்துவிட்டு அருகில் வந்து, தணிந்த குரலில் கேட்டான். "அக்கா, தங்கச்சி நெத்தியில அந்த மார்க்கு... பிரிண்டுல எடுத்துடவா?"

சாலம்மாள் முந்தானையால் மகளின் முகத்தில் மிச்சமிருந்த பூச்சையும் துடைத்தாள். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்த வடுவின்மேல் அவள் விரல் பட்டது.

"வலிச்சிச்சாம்மா அன்னிக்கு?"

"ரொம்ப" என்றாள் அம்சவள்ளி. சொல்லிவிட்டு அழுதாள். தாயும் அழுதாள். பூச்சு இல்லாததால் கலையவும் ஒன்றும் இல்லை.

"இருக்கட்டும் தம்பி. இன்னொன்னு எடு, இப்ப" என்றாள் சாலம்மாள்.

வெள்ளிக்கிழமை லட்சுமியம்மாள் மண்டபத்துக்கு வந்தாள். வராமல் இருந்தால் அமிர்தத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அவள் சொல்லிவைத்திருந்த பேனர், மாப்பிள்ளை மட்டும் அருவிக்கு முன்னால் நிற்கிற மாதிரி கம்ப்யூட்டரில் ஒட்டியது, வாசலின் ஒரு பக்கம் நின்றது. மறுபக்கம் அதைவிட ஒரு முழம் உயரமாக இன்னொரு பேனர். பதினாறு பேரும் மணமக்களும் ஒரே வரிசையில், ஒருத்தரும் மங்காமல். கீழே, 'இருசப்பன் கரும்பு வெட்டு செட்டு சார்பாக' என்று எழுதி எல்லார் பெயரும் போட்டிருந்தது. கண்ணகிதான் முன்னால் நின்று செய்வித்தாள்.

அமிர்தம் காரைவிட்டு இறங்கியதும் அதன் எதிரில்தான் நின்றாள். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த சாலம்மாளிடம் திரும்பினாள். அமிர்தத்தின் பின்னால் லட்சுமியம்மாள், கண்ணாலேயே கெஞ்சிக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, நீங்க மில்லுல வேலன்னு இல்ல எங்கக்கா சொல்லுச்சி?"

சாலம்மாள் பன்னீர்ச் செம்பைக் கீழே வைத்தாள். காய்ப்புக் காய்த்து, கோடு கோடாக அறுபட்ட இரண்டு கைகளையும் புடவைக்குள் சுருட்டாமல் எதிரில் நீட்டிக் கும்பிட்டாள்.

"வாங்க வாங்க. மில்லு கேட்டுக்குள்ள நா போனதே இல்லீங்க. கரும்பு வெட்றேன். அதோ, நட்டநடுவுல நிக்கறது நான்தான்."

அமிர்தம் மறுபடி பேனரைப் பார்த்தாள். "கையில ரெண்டு கத்தி கீதே?"

"ஒண்ணு என்னுது. ஒண்ணு உங்க வூட்டு மருமவளுது. பத்திரமா தீட்டி வெச்சிருக்கேன், வேணும்னா வந்து வாங்கிக்கும்."

உள்ளே மேளம் வேகம் பிடித்தது. சாலம்மாள் செம்பை எடுத்து லட்சுமியம்மாளின் கையில் கொடுத்துவிட்டு, தாலி கட்டுவதைப் பார்க்க முன்வரிசைக்கு நடந்தாள்.